சர் ஆலன் லாசல்ஸ்: நான்கு அரசர்களின் செயலகத்தில் ஒருவர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரிட்டிஷ் மன்னரின் தனிச்செயலாளர் உண்மையில் என்ன வேலை செய்கிறார்?

தனிச்செயலாளர் என்றதும் கடிதங்களைப் பிரித்து அடுக்கி, சந்திப்பு நேரங்களைக் குறித்து வைக்கும் ஓர் அலுவலர்தான் நம் நினைவுக்கு வருவார். பக்கிங்காம் அரண்மனையில் அந்த வேலைகளும் நடக்கின்றன என்றாலும், பதவியின் உட்பொருள் வேறு. மன்னருக்கும் பிரதமருக்கும் இடையிலான அன்றாடத் தொடர்பு, மன்னரைத் தலைவராகக் கொண்ட பிற நாடுகளின் அரசுகளோடு நடக்கும் கடிதப் போக்குவரத்து, சிவப்புப் பெட்டிகளில் வந்து சேரும் அரசு ஆவணங்கள், மன்னர் பேசும் உரைகள், பயணத் திட்டங்கள் ஆகிய அனைத்தும் இவர் மேசையைக் கடந்தே செல்கின்றன. அரசமைப்புச் சிக்கல் எழும்போது மன்னர் முதலில் அழைப்பது இவரைத்தான். பிரதமரின் முதன்மைத் தனிச்செயலாளர், அமைச்சரவைச் செயலாளர், மன்னரின் தனிச்செயலாளர் ஆகிய மூவரையும் சேர்த்து லண்டன் அதிகார வட்டாரத்தில் ‘தங்க முக்கோணம்’ என்று சொல்வதுண்டு.

இந்தப் பதவியை எந்தச் சட்டமும் உருவாக்கவில்லை. மூன்றாம் ஜார்ஜின் பார்வை மங்கியபோது, 1805இல் ஹெர்பர்ட் டெய்லர் என்ற படை அதிகாரி அவருக்குக் கடிதங்களைப் படித்துக் காட்டவும் எழுதவும் அமர்த்தப்பட்டதிலிருந்து இது தொடங்குகிறது. அமைச்சராக இல்லாத ஒருவர், நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்லக் கடமைப்படாத ஒருவர், அரசின் இரகசியங்களைப் படிப்பதா என்ற ஐயம் அப்போது பலருக்கு இருந்தது. விக்டோரியா அரசியின் காலத்தில் ஹென்றி பொன்சன்பி 1870 முதல் கால் நூற்றாண்டு காலம் இருந்து பதவிக்கு ஒரு வடிவம் கொடுத்தார். ஐந்தாம் ஜார்ஜிடம் பணியாற்றிய ஸ்டாம்ஃபோர்டம் பிரபு அதை நிலைநிறுத்தினார்.

அவ்வளவு பேர் இருக்க, லாசல்ஸைப் பற்றி ஏன் தனியாகப் பேச வேண்டும்?

இந்தப் பதவியின் இயல்பை அவருடைய வாழ்க்கையைப் போல வெளிச்சமாகக் காட்டுவது வேறில்லை என்பது என் கருத்து. தனிச்செயலாளருக்கு ஆணையிடும் அதிகாரம் கிடையாது; மன்னரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்லும் வாய்ப்பு மட்டுமே உண்டு. அந்த ஒரு சொல்லை எப்போது சொல்வது, எந்த வடிவத்தில் சொல்வது, சொல்லியும் கேட்கப்படாவிட்டால் என்ன செய்வது என்பவைதாம் இந்தத் தொழில். லாசல்ஸ் அதை முகத்துக்கு நேராகச் சொல்லித் தோற்றிருக்கிறார். ஒரே ஒரு கேள்வியாக மாற்றிக் கேட்டு வென்றிருக்கிறார். பெயரை மறைத்து நாளிதழில் எழுதி நாட்டுக்கே சொல்லியிருக்கிறார். சொன்னாரா இல்லையா என்று இன்றுவரை வழக்காடப்படும் நிகழ்வும் ஒன்று உண்டு. போதாததற்கு, அவர் நாட்குறிப்பும் எழுதினார்.

அவர் எந்தப் பின்னணியிலிருந்து வந்தார்? இந்தியாவோடு தொடர்பு இருந்ததா?

ஆலன் ஃபிரெடெரிக் லாசல்ஸ் 1887 ஏப்ரல் 11 அன்று டார்செட் மாவட்டத்தில் பிறந்தார். நண்பர்களுக்கு அவர் ‘டாமி’. நான்காம் ஹேர்வுட் பிரபுவின் பேரன். ஐந்தாம் ஜார்ஜின் மகள் மேரி இளவரசியை மணந்த ஆறாம் ஹேர்வுட் பிரபு இவருக்குப் பெரியப்பா வழி உறவு. மார்ல்பரோ பள்ளியிலும் ஆக்ஸ்ஃபோர்டின் டிரினிட்டி கல்லூரியிலும் படித்தார். முதல் உலகப்போரில் பெட்ஃபோர்டுஷயர் குதிரைப்படையில் சேர்ந்து பிரான்சில் போரிட்டு, இராணுவச் சிலுவை விருது பெற்றார்.

போர் முடிந்ததும் அவர் வந்தது பம்பாய்க்கு. அவருடைய சகோதரி பிளாஞ்ச்சின் கணவர் ஜார்ஜ் லாயிட் அப்போது பம்பாய் மாகாண ஆளுநர். அவரிடம் லாசல்ஸ் மெய்க்காவல் உதவியாளராக இருந்தார். 1920இல் அவர் மணந்த ஜோன், அன்றைய வைசிராய் செம்ஸ்போர்டு பிரபுவின் மூத்த மகள். பள்ளிப் பாடத்தில் மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தம் என்று நாம் மனப்பாடம் செய்த பெயர், இவருக்கு மாமனாரின் பெயர். ஆளும் குடும்பங்களின் வலை எவ்வளவு நெருக்கமாகப் பின்னப்பட்டிருந்தது என்பதற்கு இந்த ஒரு பத்தியே போதும்.

வேல்ஸ் இளவரசர் எட்வர்டிடம் வேலை செய்த காலம் எப்படி முடிந்தது?

கசப்பில் முடிந்தது. 1920இல் இளவரசரின் உதவித் தனிச்செயலாளராகச் சேர்ந்தபோது, லாசல்ஸுக்கு அவர்மீது மெய்யான மதிப்பு இருந்தது. போரில் இருந்து வந்த தலைமுறைக்கு ஏற்ற அரசர் கிடைத்துவிட்டார் என்று நம்பியவர்களில் அவரும் ஒருவர். ஏழு ஆண்டுகளில் அந்த நம்பிக்கை முற்றிலும் தேய்ந்தது. 1927இல் இளவரசரும் பிரதமர் ஸ்டான்லி பால்ட்வினும் கனடாவில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்தபோது, ஆட்டவாவில் லாசல்ஸ் பால்ட்வினைத் தனியே சந்தித்துப் பேசினார். குதிரைப் பந்தயத்தில் இளவரசர் விழுந்து கழுத்தை முறித்துக்கொள்வதே அவருக்கும் நாட்டுக்கும் நல்லதென்று சில வேளைகளில் எண்ணத் தோன்றுகிறது என்றார். கடவுள் என்னை மன்னிக்கட்டும், நானும் பலமுறை அப்படி நினைத்திருக்கிறேன் என்பது பால்ட்வின் சொன்ன பதில்.

அடுத்த ஆண்டு கிழக்கு ஆப்பிரிக்கப் பயணத்தின்போது முறிவு வந்தது. 1928 நவம்பரில் ஐந்தாம் ஜார்ஜ் கடும் நோய்வாய்ப்பட்டார். உடனே திரும்பும்படி பால்ட்வினிடமிருந்து தந்திகள் வந்தன. இளவரசரோ அதைப் பால்ட்வினின் தேர்தல் தந்திரம் என்று தள்ளினார். இங்கிலாந்தின் மன்னர் இறந்துகொண்டிருக்கிறார், உங்களுக்கு அது ஒரு பொருட்டாக இல்லாவிட்டாலும் எங்களுக்குப் பெரிய பொருட்டு என்று லாசல்ஸ் வெடித்தார். இளவரசர் பின்னர் கப்பலிலும் இரயிலிலுமாக விரைந்து நாடு திரும்பினார், மன்னரும் பிழைத்துக்கொண்டார். ஆனால் 1929 தொடக்கத்தில் லாசல்ஸ் பதவி விலகினார். விலகும் முன் ஏறக்குறைய ஒரு மணி நேரம், ஒரு தம்பியிடம் பேசுவதுபோல இளவரசரின் வாழ்க்கை முறையைப் பற்றித் தாம் நினைத்த அனைத்தையும் கொட்டியதாகவும், நீங்கள் அரியணையை இழப்பீர்கள் என்று முன்னுரைத்ததாகவும் அவரே பின்னர் எழுதியிருக்கிறார். 1936க்குப் பிறகு எழுதப்பட்ட முன்னுரைப்பு என்பதால், அதைச் சற்று ஐயத்தோடுதான் ஏற்க வேண்டியிருக்கிறது. வேல்ஸ் இளவரசராக இருப்பதற்கே நான் தகாத ஆள் போலும் என்று எட்வர்டு அமைதியாகச் சொன்னதாக வரும் பதிலை மட்டும் என்னால் எளிதாக நம்ப முடிகிறது.

பிறகு எப்படி மீண்டும் அரண்மனைக்கு வந்தார்?

கனடா வழியாக. 1931 முதல் 1935 வரை கனடாவின் தலைமை ஆளுநர் பெஸ்பரோ பிரபுவுக்குச் செயலாளராக இருந்தார். அவருடைய வாழ்க்கையை எழுதுபவர்கள் பெரும்பாலும் விரைந்து கடந்துபோகும் ஆண்டுகள் இவை. என் பார்வையில் அவரை உருவாக்கிய ஆண்டுகள் இவைதாம். 1931 டிசம்பரில் வெஸ்ட்மின்ஸ்டர் சட்டம் நிறைவேறி, கனடா போன்ற நாடுகள் சட்டமியற்றும் உரிமையில் பிரிட்டனுக்குச் சமமாயின. மன்னரின் பெயரால் ஒருவர் ஆட்சியின் உச்சியில் அமர்ந்திருந்தும் ஆளாமல் இருப்பது எப்படி என்பதை அவர் அன்றாட வேலையாகப் பார்த்த இடம், தலைமை ஆளுநர் வாழும் ஆட்டவாவின் ரீடோ மாளிகை. அதே மாளிகையில்தான் 1926இல் முந்தைய தலைமை ஆளுநர் பிங் பிரபு, பிரதமர் மெக்கென்சி கிங் கேட்ட நாடாளுமன்றக் கலைப்பை மறுத்தார். பதிலுக்கு அமைந்த மீயன் அரசு சில நாட்களிலேயே அவையில் தோற்றது. தேர்தலில் கிங்கே வென்று திரும்பினார். அந்தக் கதையை லாசல்ஸ் மறக்கவில்லை என்பது பின்னால் தெரியும்.

1935இல் ஐந்தாம் ஜார்ஜின் உதவித் தனிச்செயலாளராக அழைக்கப்பட்டார். 1936 ஜனவரி 20 அன்று மன்னர் இறக்க, யாரைவிட்டு விலகிப் போனாரோ அவரே எட்டாம் எட்வர்டாக, எசமானராக வந்து நின்றார்.

முடிதுறப்பில் அவருடைய பங்கு என்ன?

சிறியது. மன்னர் மணக்க விரும்பிய, மணவிலக்குப் பெற்ற அமெரிக்கப் பெண் வேலிஸ் சிம்ப்சன் விவகாரத்தில் நாளிதழ்களின் மௌனம் நெடுநாள் நீடிக்காது என்று 1936 நவம்பர் 13 அன்று மன்னரை எச்சரித்துக் கடிதம் எழுதியவர் தலைமைத் தனிச்செயலாளர் அலெக்சாண்டர் ஹார்டிங். லாசல்ஸ் இரண்டாம் வரிசையில் நின்றார். டிசம்பர் 10 அன்று எட்வர்டு முடிதுறப்பு ஆவணத்தில் கையெழுத்திட்டார். அதன் பிறகு, வின்ட்சர் கோமகன் என்று அழைக்கப்பட்ட எட்வர்டுக்கு அரசுப் பணி எதுவும் தரக் கூடாது என்பதில் லாசல்ஸ் இறுதிவரை அசையவில்லை. அதில் கொள்கை எவ்வளவு, பழைய ஏமாற்றம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்வது கடினம்.

‘சர்’ பட்டம் ஓடும் இரயிலில் கிடைத்ததாகச் சொல்வது உண்மையா?

உண்மை. 1939 மே, ஜூன் மாதங்களில் எட்வர்டின் தம்பியும் அடுத்த மன்னருமான ஆறாம் ஜார்ஜும் அவருடைய மனைவி எலிசபெத் அரசியும் கனடாவிலும் அமெரிக்காவிலும் மேற்கொண்ட பயணத்தின் ஏற்பாடுகள் பெருமளவு லாசல்ஸின் கையில் இருந்தன. அந்தப் பயணத்தின் நடுவே, இரயிலிலேயே மன்னர் அவருக்குப் பட்டம் சூட்டினார்.

தலைமைத் தனிச்செயலாளரானது எப்போது?

1943 ஜூலையில். ஹார்டிங் உடல்நலக் காரணத்தால் விலகியதாக வெளியே அறிவிக்கப்பட்டது. உள்ளே, ஹார்டிங்கின் இறுக்கமான சுபாவம் மன்னருக்கு ஒத்துவரவில்லை. உதவியாளர்களிடம் எதையும் பகிராமல் எல்லாவற்றையும் தம்மிடமே வைத்துக்கொள்கிறார் என்ற குறை லாசல்ஸுக்கும் முற்றியிருந்தது. அழகான மாற்றம் என்று இதைச் சொல்ல முடியாது.

நார்மண்டிப் படையிறக்கத்தின்போது சர்ச்சிலைத் தடுத்தவர் இவரா?

மன்னரைத் தடுத்தவர் இவர். சர்ச்சிலைத் தடுத்தவர் மன்னர். 1944 ஜூன் தொடக்கத்தில் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் கரையில் இறங்கவிருந்தன. அதைப் போர்க்கப்பலிலிருந்து நேரில் பார்க்கப் போவதாகச் சர்ச்சில் மன்னரிடம் சொன்னார். கடற்படையில் பணியாற்றியவரும் முதல் உலகப்போரில் ஜட்லண்ட் சண்டையில் இருந்தவருமான மன்னருக்கும் அந்த ஆசை பற்றிக்கொண்டது. இருவரும் போவதென்று முடிவாயிற்று.

செய்தி கேட்ட லாசல்ஸுக்குத் திகைப்பு. ஆனால் பாதுகாப்பு, ஆபத்து, கண்ணிவெடி என்று அவர் வாதாடவில்லை. அப்படி வாதாடியிருந்தால் மன்னரின் துணிச்சலுக்கு அறைகூவல் விட்டதாகியிருக்கும். அவர் கேட்டது ஒரு கேள்வி: மன்னரும் பிரதமரும் ஒன்றாக ஆங்கிலக் கால்வாயின் அடியில் போய்ச் சேர்ந்துவிட்டால், அடுத்த பிரதமராக யாரை அழைக்க வேண்டும் என்று எலிசபெத் இளவரசிக்கு இப்போதே அறிவுரை சொல்லிவைக்க மன்னர் ஆயத்தமா? இளவரசிக்கு அப்போது 18 வயது. மன்னர் தம் திட்டத்தைக் கைவிட்டார். பிறகு சர்ச்சிலுக்கு இரண்டு கடிதங்கள் போயின. நான் உங்களைவிட இளையவன், கடலோடி, முப்படைகளின் தலைவன், நானே வீட்டில் இருக்கச் சம்மதிக்கும்போது நான் செய்ய விரும்பியதையே நீங்கள் செய்வது முறையா என்ற பொருளில் இரண்டாவது கடிதம் அமைந்தது. சர்ச்சில் முணுமுணுத்துக்கொண்டே பணிந்தார்.

லாசல்ஸ் செய்த வேலைகளிலேயே நேர்த்தியானது இதுதான் என்பேன். மன்னரின் ஆசையை அவர் மறுக்கவில்லை. ஒரு தந்தையாகவும் அரசராகவும் அவர் செய்ய வேண்டியதை ஞாபகப்படுத்தினார், அவ்வளவே. 1928இல் ஆப்பிரிக்காவில் வெடித்த மனிதர் இதற்குள் தொழிலைக் கற்றிருந்தார். எதிரில் இருந்த மன்னரும் வேறு என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது.

‘லாசல்ஸ் கோட்பாடுகள்’ என்பவை என்ன?

பிரதமர் ஒருவர் நாடாளுமன்றத்தைக் கலைத்துத் தேர்தல் நடத்தும்படி கேட்டால், மன்னர் மறுக்கலாமா என்ற கேள்விக்கு அவர் தந்த விடை. 1950 பிப்ரவரித் தேர்தலில் கிளமென்ட் அட்லியின் தொழிற்கட்சி வெறும் ஐந்து இடங்கள் பெரும்பான்மையில் வென்றது. விரைவில் இன்னொரு தேர்தலை அவர் கேட்டால் மன்னர் கட்டாயம் இணங்க வேண்டுமா என்று டைம்ஸ் நாளிதழின் வாசகர் கடிதங்களில் விவாதம் மூண்டது. மே 2 அன்று ‘செனக்ஸ்’ என்ற கையொப்பத்தோடு ஒரு கடிதம் வெளியாயிற்று. லத்தீன் மொழியில் அந்தச் சொல்லுக்கு முதியவர் என்று பொருள். எழுதியவர் 63 வயது லாசல்ஸ்.

மன்னர் கலைப்பை மறுக்கலாம், ஆனால் மூன்று நிலைமைகள் பொருந்தினாலொழிய அறிவுள்ள எந்த மன்னரும் மறுக்க மாட்டார் என்றது அந்தக் கடிதம். நடப்பு நாடாளுமன்றம் உயிர்ப்போடு தன் வேலையைச் செய்யக் கூடியதாக இருக்க வேண்டும். பொதுத்தேர்தல் நாட்டின் பொருளாதாரத்துக்குத் தீங்காக இருக்க வேண்டும். பொதுமக்கள் அவையில் போதிய பெரும்பான்மையோடு நியாயமான காலம் ஆட்சி நடத்தக்கூடிய வேறொரு பிரதமர் கிடைப்பார் என்ற நம்பிக்கை மன்னருக்கு இருக்க வேண்டும். சான்றாக அவர் காட்டியவை இரண்டு. 1939இல் தென்னாப்பிரிக்காவில் போரில் நடுநிலை வகிக்க விரும்பிய ஹெர்ட்சாக் அவையில் தோற்றுக் கலைப்பைக் கேட்டபோது தலைமை ஆளுநர் பேட்ரிக் டங்கன் மறுத்தார். ஸ்மட்ஸ் பிரதமராகி 1948 வரை ஆண்டார். அங்கே மூன்றும் பொருந்தின. 1926இல் கனடாவில் பொருந்துவதுபோலத் தோன்றி, மூன்றாவது பொய்த்துப்போனது. ரீடோ மாளிகையில் கழித்த நான்கு ஆண்டுகள் இந்த வரியில் பேசுகின்றன.

மன்னரின் பணியாளர் ஒருவர், அமைச்சர்கள் எவரையும் கேட்காமல், முகமூடி அணிந்து, மன்னரின் உரிமையைப் பற்றி நாளிதழில் எழுதலாமா? கூடாது என்பதே என் தயக்கமற்ற எண்ணம். ஆனால் அந்த முறையற்ற கடிதம்தான் எழுதப்படாத அரசமைப்பின் ஒரு மூலையைத் தெளிவாக்கியது.

அந்தக் கோட்பாடுகள் எப்போதாவது பயன்பட்டனவா?

பிரிட்டனில் அவற்றைக் காட்டிக் கலைப்பு மறுக்கப்பட்டதில்லை. 1951இல் நிலைமை தலைகீழாக இருந்தது: நீண்ட வெளிநாட்டுப் பயணம் போகுமுன் அரசியல் நிலவரம் தெளிவாக வேண்டும் என்று கவலைப்பட்டவர் ஆறாம் ஜார்ஜ்; அட்லி அக்டோபரில் தேர்தல் நடத்தித் தோற்றார். 2011இல் நிலைத்த காலவரையறைச் சட்டம் வந்து கலைப்புரிமையை மன்னரிடமிருந்து எடுத்துவிட்டதால் கோட்பாடுகள் உறங்கின. 2022 மார்ச்சில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டு உரிமை திரும்பியது. நான்கு மாதங்களுக்குள், அமைச்சர்கள் கூட்டமாக விலகிய ஜூலை நாட்களில், போரிஸ் ஜான்சன் தேர்தலைக் கேட்டால் அரசி மறுக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, செனக்ஸின் கடிதத்தை எல்லோரும் தூசு தட்டி எடுத்தார்கள். ஜூலை 7 அன்று ஜான்சன் விலகலை அறிவித்ததால் சோதனை நேரவில்லை.

எலிசபெத் அரசியிடம் எவ்வளவு காலம் பணியாற்றினார்?

இரண்டு ஆண்டுகளுக்கும் குறைவு. 1952 பிப்ரவரி 6 அன்று சான்ட்ரிங்காமில் ஆறாம் ஜார்ஜ் இறந்ததும், அங்கிருந்து லண்டனில் இருந்த உதவிச் செயலாளர் எட்வர்டு ஃபோர்டைத் தொலைபேசியில் அழைத்து, ‘ஹைட் பார்க் கார்னர்’ என்ற குழூஉக்குறியைச் சொல்லி, சர்ச்சிலுக்கும் மன்னரின் தாயான முதிய மேரி அரசிக்கும் நேரில் தெரிவிக்கச் சொன்னவர் லாசல்ஸ். புதிய அரசிக்கு வயது 25. அரச மரபின் பெயர் வின்ட்சர் என்றே தொடரும் என்ற 1952 ஏப்ரல் அறிவிப்பில் லாசல்ஸ் சர்ச்சிலோடு ஒரே பக்கம் நின்றார். பிள்ளைகளுக்குத் தம் குடும்பப் பெயர் போகாததால், அரசியின் கணவர் பிலிப் கோமகனுக்கு அது ஆறாத புண். 1953ஆம் ஆண்டின் முடிவோடு லாசல்ஸ் ஓய்வுபெற, மைக்கேல் அடேன் வந்தார். இந்த அடேன், பழைய ஸ்டாம்ஃபோர்டம் பிரபுவின் மகள் வயிற்றுப் பேரன். 1957இல் ஆல்ட்ரிங்கம் பிரபு, அரசியைச் சுற்றியிருப்பவர்கள் எல்லோரும் ஒரே வகுப்பினர் என்று எழுதிப் பெரும் புயலைக் கிளப்பியதில் வியப்பதற்கு என்ன இருக்கிறது?

மார்கரெட் இளவரசியின் காதலை முறித்தவர் இவர்தானா?

தனியாக இவர் அல்லர். ஆனால் அரசியின் தங்கையான இளவரசி இவரைத்தான் மன்னிக்கவில்லை. அரண்மனை அலுவலரும் போர்விமானியுமான பீட்டர் டவுன்சென்ட் மணவிலக்குப் பெற்றவர்; அத்தகையோரின் மறுமணத்தை இங்கிலாந்துத் திருச்சபை ஏற்காத காலம் அது. இளவரசியும் தாமும் ஒருவரையொருவர் விரும்புவதாக அவர் லாசல்ஸிடம் சொன்னபோது, நீர் பைத்தியமாக இருக்க வேண்டும் அல்லது கெட்டவராக இருக்க வேண்டும் என்ற பதில் கிடைத்ததாக டவுன்சென்ட் தம் தன்வரலாற்றில் எழுதியிருக்கிறார். 1953 முடிசூட்டு நாளில் இளவரசி டவுன்சென்டின் சீருடையில் ஒட்டியிருந்த துரும்பைத் தட்டிவிட்டதைச் செய்தியாளர்கள் பார்த்துவிட, விஷயம் வெளியே வந்தது. டவுன்சென்ட் பிரஸ்ஸல்ஸ் தூதரகத்துக்கு அனுப்பப்பட்டார்.

1772ஆம் ஆண்டின் அரச திருமணச் சட்டப்படி, 25 வயதுக்குப் பிறகு மன்னரின் இசைவின்றியே மணக்க அப்போது ஒரு வழி இருந்தது (அந்தச் சட்டம் 2015இல் நீக்கப்பட்டது). ஓராண்டு முன்னறிவிப்புத் தர வேண்டியிருந்தது, நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் எதிர்க்காதிருக்க வேண்டியிருந்தது. 25 வயதுவரை பொறுத்தால் தடை நீங்கும் என்ற எண்ணத்தோடு இளவரசி காத்திருந்தார். காத்திருப்பால் பயனில்லை என்று தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் சொல்லியிருந்தால் அந்த இரண்டு ஆண்டுகள் மிஞ்சியிருக்கும் என்பது அவருடைய வாழ்நாள் குறை. 1955 அக்டோபர் 31 அன்று திருமணம் இல்லை என்று அவர் அறிவித்தபோது லாசல்ஸ் ஓய்வில் இருந்தார். அரச குடும்பத்தைப் பற்றிய தொலைக்காட்சித் தொடரில் அவர் ஓய்வுக்குப் பிறகும் திரும்பத் திரும்ப வந்து காய் நகர்த்துவதாகக் காட்டுவது நாடகத்துக்காகச் செய்யப்பட்டது.

‘வேண்டாம்’ என்பதைத் தெளிவாகச் சொல்வதையே தொழிலாகக் கொண்டவர், சொல்லப்பட வேண்டியவருக்கு அதைச் சொல்லாமல் விட்டார் என்றால், அவர்மீது வைக்கப்படும் குற்றச்சாட்டுகளில் கனமானது இதுதான். டவுன்சென்டிடம் காட்டிய கடுமையில் பாதியையாவது அவர் இளவரசியிடம் நேர்மையாகக் காட்டியிருக்கலாம்.

ஓய்வுக்குப் பிறகு என்ன ஆனார்?

பிரபு பட்டம் தர முன்வந்தபோது மறுத்துவிட்டார். கென்சிங்டன் அரண்மனை வளாகத்தில், பழைய குதிரை லாயத்தை மாற்றிக் கட்டிய வீட்டில் வாழ்ந்தார். மகன் ஜான் 1951லேயே இறந்துவிட்டார்; மனைவி ஜோன் 1971இல் காலமானார். 1981 ஆகஸ்ட் 10 அன்று, 94 வயதில், அதே வீட்டில் லாசல்ஸ் இறந்தார். அவருடைய நாட்குறிப்புகளும் கடிதங்களும் பின்னர் நூல்களாக வந்தன. கையெழுத்துப் படிகள் கேம்பிரிட்ஜின் சர்ச்சில் கல்லூரியில் உள்ளன. மார்கரெட் இளவரசியும் அதே கென்சிங்டன் அரண்மனையில் குடியிருந்ததால், இருவரும் நீண்ட காலம் அண்டை வீட்டார்.